பனிக்கட்டி இல்லாமல் கடல் கடந்த திராட்சை

1900-ஆம் ஆண்டு வாக்கில், செப்டம்பர் பிறந்துவிட்டால் ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் அல்மேரியா துறைமுகத்தில் கால் வைக்க இடம் இருக்காது. கரை நெடுக மரப் பீப்பாய்கள். சாராயப் பீப்பாய் அளவுக்குப் பெரியவை அல்ல. ஓர் ஆள் தூக்கக்கூடியவை. ஒவ்வொன்றிலும் சுமார் இருபது கிலோ திராட்சை. உலர் திராட்சையும் அல்ல, மதுவும் அல்ல. கொடியிலிருந்து அறுத்த பச்சைப் பழம். லிவர்பூல், கிளாஸ்கோ, லண்டன், ஹாம்பர்க், நியூயார்க் என்று கப்பல்கள் அவற்றை ஏற்றிக்கொண்டு போயின. கப்பலில் குளிர் அறை கிடையாது. பனிக்கட்டியும் கிடையாது. வாரக்கணக்கில் கடலில் போய், இறங்கிய ஊரில் மேலும் சில வாரம் கிடங்கில் கிடந்து, கிறிஸ்துமஸ் விருந்துத் தட்டில் அந்தப் பழம் வாடாமல் வந்து உட்கார்ந்தது.

இன்று கோயம்பேட்டில் வாங்கும் திராட்சை மூன்றாம் நாளே காம்பு கறுத்து உதிரத் தொடங்கிவிடுகிறது. அப்படியிருக்க, நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு திராட்சை அட்லாண்டிக் கடலைத் தாண்டியது என்றால், அதில் பாதிக் கெட்டிக்காரத்தனம் மனிதர்களுடையது; மீதிப் பாதி அந்தக் கொடியுடையது.

கொடியின் பெயர் ஓஹானெஸ். உண்பதற்கென்றே வளர்க்கப்படும் வெள்ளைத் திராட்சை ரகம். நாம் பச்சைத் திராட்சை என்று சொல்லும் நிறத்தைத்தான் திராட்சை வணிகமும் தாவரவியலும் வெள்ளை என்கின்றன. ஸ்பெயின்காரர்கள் இதைக் கப்பல் திராட்சை என்றும் அழைத்தார்கள். வெளிநாட்டுச் சந்தைகளில் அல்மேரியா திராட்சை என்றால்தான் தெரியும்.

ஓஹானெஸ் என்பது உண்மையில் ஒரு மலைக் கிராமத்தின் பெயர். சியர்ரா நெவாடா மலைத் தொடரின் தெற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில், அந்தராக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. ஐரோப்பாவிலேயே வறண்ட மூலைகளில் இந்த அல்மேரியா மாகாணமும் ஒன்று. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அல்மேரியா நகருக்குக் கிடைப்பது 200 மில்லிமீட்டர் அளவுதான். அங்கே விவசாயம் என்றால் மலையுச்சியில் உருகும் பனியின் நீரை வாய்க்கால் வெட்டி இறக்கி, சரிவில் படிப்படியாகக் கட்டிய வயல்களுக்குப் பாய்ச்சுவது. அந்த வாய்க்கால்களையும் படிவயல்களையும் பெரும்பாலும் அமைத்தவர்கள் முஸ்லிம் ஆட்சிக் காலத்து உழவர்கள். அவர்களின் வழிவந்த மொரிஸ்கோக்கள் 1568-இல் ஸ்பெயின் அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது, அடுத்த ஆண்டு ஓஹானெஸிலேயே பெரும் ரத்தக்களரி நடந்தது. கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, மொரிஸ்கோக்கள் ஊரை விட்டு விரட்டப்பட்டார்கள். வடக்கிலிருந்து கொண்டுவந்து குடியேற்றப்பட்டவர்களிடம் அந்த வாய்க்கால்கள் வந்து சேர்ந்தன.

திராட்சை பெரிய வணிகமாக வளர்ந்ததற்குக் காரணம் திராட்சை அல்ல, ஈயம். 1820-களில் அருகிலிருந்த சியர்ரா தெ காடோர் மலையில் ஈயச் சுரங்கங்கள் பெருகின. ஈயம் உருக்கும் உலைகளுக்காக மலைக்காடுகள் விறகாகிக் கரைந்தன. ஈயம் ஏற்ற வெளிநாட்டுக் கப்பல்கள் அல்மேரியாவுக்கு வந்துபோகப் பழகின. நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேல்மட்டத் தாது தீர்ந்து சுரங்கங்கள் இளைத்தபோது கையில் கொஞ்சம் காசும், வேலை தேடும் ஆட்களும், வாசலுக்கு வந்து போகும் கப்பல்களும் மிச்சமிருந்தன. மலைக் கிராமங்களில் வீட்டுப் பந்தலில் படர்ந்துகொண்டிருந்த ஒரு திராட்சை அந்த இடத்தை நிரப்பியது. ஓஹானெஸிலிருந்து கன்ஹாயர், தெர்க்கே, பெர்ஹா, தாலியாஸ் என்று ஊர் ஊராகக் கீழிறங்கிப் பரவியது.

அதைவிடச் சுவையான திராட்சைகள் அப்போதே ஸ்பெயினில் ஏராளம். அருகிலுள்ள மாலகாவின் மஸ்கட் திராட்சை வாசனைக்குப் பெயர்போனது. ஆண்டலூசியாவில் விளைந்த திராட்சை ரகங்களை ஆராய்ந்து சிமோன் தெ ரோஹாஸ் க்ளெமெண்டே என்ற தாவரவியலாளர் 1807-இல் ஒரு நூல் வெளியிட்டார். இலை, தண்டு, குலை, பழம் என்று உறுப்பு உறுப்பாகப் பார்த்து ரகங்களை வகைப்படுத்திய முன்னோடி நூல் அது. ஏறத்தாழ 120 ரகங்கள் அதில் வருகின்றன. இத்தனைக்கும் நடுவில் ஓஹானெஸ் மேலே வந்தது நாவின் தயவால் அல்ல. அதில் இனிப்பு மிதம். தனி மணம் என்று ஏதும் இல்லை. உள்ளே விதைகள் உண்டு. அதன் பலம் முழுவதும் தோலிலும் காம்பிலும் காலத்திலும் இருந்தது.

பழம் சற்று நீண்டு, உருளை வடிவில் இருக்கும். வெளிர் பச்சை நிறம். நன்றாக முதிர்ந்தால் லேசாக மஞ்சள் ஏறும். சதை கெட்டி, பல்லில் நறுக்கென்று கடிபடும். தோல் தடித்தது, விரலால் அழுத்தினாலும் எளிதில் வெடிக்காது. எல்லாத் திராட்சையின் மேலும் வெண்பொடி போல ஒரு மெழுகுப் படலம் இருக்கும். பழத்திலிருந்து நீர் ஆவியாகாமல் காப்பது அதுதான். ஓஹானெஸில் அந்தப் படலத்துக்குக் கீழே தடித்த தோலும் சேர்ந்துகொள்கிறது. குலை பெரியது, மணிகள் நெருங்கியவை. ஒவ்வொரு மணியும் தன் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும், குலுக்கினாலும் உதிராது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது மிகத் தாமதமாக முதிரும் ரகம். மற்றத் திராட்சைகள் ஆகஸ்டிலேயே சந்தைக்கு வந்து ஓய்ந்த பிறகு, அக்டோபர், நவம்பர் வரைகூடக் கொடியிலேயே காத்திருக்கும். மழை அரிதான பகுதி என்பதால் அத்தனை நாள் விட்டுவைத்தாலும் அழுகல் பயம் குறைவு.

அதன் வெளிர் நிறத்துக்குப் பின்னால் மிகப் பழைய ஒரு விபத்து இருக்கிறது. காட்டுத் திராட்சை கறுப்பு. கறுப்புக்கும் சிவப்புக்கும் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமியை உண்டாக்கும்படி ஏவும் மரபணு ஒன்றின் முகப்பில், இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டு ஒன்று வந்து செருகிக்கொண்டதால் அந்த மரபணு ஊமையாகிவிட்டது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். உலகின் வெள்ளைத் திராட்சை ரகங்களில் பெரும்பாலானவை அந்த ஊமை மரபணுவைச் சுமப்பவை என்று பின்னர் நடந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

கொடி முரட்டுத்தனமாக வளரும். கவாத்து செய்பவர்கள் இதனிடம் ஒரு பாடம் கற்க வேண்டியிருந்தது. பல ரகங்களில் கிளையை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டினால் போதும். அந்தக் கணுக்களிலிருந்தே குலை வரும். ஓஹானெஸில் அடிக்கணுக்கள் மலடு. அப்படி ஒட்ட வெட்டினால் இலைதான் தழைக்கும். நுனியை நோக்கிய கணுக்களில்தான் காய் பிடிக்கும் என்பதால் நீண்ட கொடிகளை அப்படியே விட வேண்டும். அவற்றைப் படரவிட இடம் வேண்டும். ஆகவே பந்தல். பர்ரால் என்பது அந்தப் பந்தலுக்கு ஊர்ப் பெயர். முதலில் மரமும் நாணலும் கட்டிய பந்தல்கள், பிறகு இரும்புக் கம்பி வந்ததும் ஓரத்தில் சாய்ந்த கால்களும் மேலே குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டிய கம்பிவலையும் கொண்ட பெரும் அமைப்புகளாயின. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பிடிபடும். தலைக்கு மேலே இலைக்கூரை, அதிலிருந்து தொங்கும் குலைகள், கீழே நிழலில் குனிந்து நடக்கும் ஆட்கள். ஆனால் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பத்தின் பன்னீர் திராட்சை மெல்லிய தோல்காரி. அறுத்த சில நாளில் விற்றாக வேண்டும். பந்தல் ஒன்றானாலும் பழத்தின் குணம் நேர் எதிர்.

ஓஹானெஸின் பெரிய வினோதம் அதன் பூவில் இருக்கிறது.

திராட்சைப் பூ கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. அதன் ஐந்து இதழ்களும் நுனியில் ஒட்டிக்கொண்டு ஒரு தொப்பியாகி, அடியிலிருந்து கழன்று விழும். தொப்பி விழுந்ததும் நடுவே சூலகமும் சுற்றி ஐந்து மகரந்தத்தாள்களும் வெளியே தெரியும். பயிரிடப்படும் ரகங்கள் பெரும்பாலானவற்றில் தாள்கள் நிமிர்ந்து நின்று, அதே பூவின் சூலகமுடியில் மகரந்தத்தைத் தூவும். பூ தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்ளும். ஓஹானெஸில் அந்தத் தாள்கள் வெளிப்புறமாகக் கீழே வளைந்துவிடுகின்றன. அவற்றில் மகரந்தம் உண்டு. ஆனால் மகரந்தக் குழாய் முளைத்து வெளியே வருவதற்கான வாய் அந்தத் தூள்மணியில் இல்லை. பார்வைக்கு இருபால் பூ, செயலில் பெண் பூ.

இது காட்டின் மிச்சம். காட்டுத் திராட்சையில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மனிதர்கள் தற்செயலாகத் தோன்றிய இருபால் கொடிகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் ஆண் கொடி தேவையில்லை என்பது எத்தனை பெரிய வசதி! மத்திய ஆசியாவின் நிம்ராங், கட்டா குர்கான் போன்ற சில ரகங்களே பழைய பெண் பூவை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஓஹானெஸும் அந்தச் சிறு கூட்டத்தைச் சேர்ந்தது.

இதன் விளைவு தோட்டக்காரனின் முதுகில் விழுந்தது. மகரந்தம் வெளியிலிருந்து வராவிட்டால் பூக்கள் உதிர்ந்துவிடும். தப்பிப் பிடித்தவையும் மிளகளவிலேயே நின்றுபோகும். காற்றை நம்பினால் குலை ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஓட்டைக் குலைக்கு லிவர்பூலில் விலை இல்லை. எனவே பூக்கும் காலத்தில் வேறு ரகக் கொடிகளின் பூங்கொத்துகளைப் பறித்துவந்து, ஓஹானெஸின் ஒவ்வொரு பூங்கொத்திலும் கையால் தொட்டுத் தட்டினார்கள். எங்கார்ப்பே என்று அந்த வேலைக்குப் பெயர். பந்தலின் கீழே அண்ணாந்தபடி, கழுத்து வலிக்க, குலை குலையாக. பூப்பு சில நாள்களே இருக்கும். அதற்குள் முழுத் தோட்டத்தையும் முடித்தாக வேண்டும். ஒரு மாகாணத்தின் திராட்சை ஏற்றுமதி முழுவதும் வசந்த காலத்தின் அந்தச் சில நாள்களில் மனித விரல்களை நம்பியிருந்தது.

அறுவடைக்குப் பிறகு பந்தலடியிலேயே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து குலைகளைச் சுத்தம் செய்தார்கள். கையில் கூர்முனைக் கத்தரிக்கோல். அடிபட்டது, வெடித்தது, பிஞ்சாக நின்றது என்று ஒவ்வொரு மணியாகப் பார்த்து, பக்கத்து மணியைத் தொடாமல் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு கெட்ட மணி தப்பினால் போதும். கப்பலில் சாம்பல் பூஞ்சை அதில் பிடித்து, தொட்டுக்கொண்டிருக்கும் மணிகளுக்குத் தாவி, பீப்பாய் முழுவதையும் கூழாக்கிவிடும்.

அந்தத் தாவலைத் தடுக்கத்தான் தக்கைத் தூள். புட்டிகளுக்குத் தக்கை செய்யப் பயன்படும் மரப்பட்டையை அரைத்த தூளைப் பீப்பாயின் அடியில் பரப்பி, மேலே ஓர் அடுக்குக் குலை வைத்து, மறுபடி தூள், மறுபடி குலை என்று நிரப்பி, இடையிடையே பீப்பாயை ஆட்டித் தூளை இடுக்குகளில் இறக்குவார்கள். தக்கைக்கு மணம் இல்லை, எளிதில் மக்குவதும் இல்லை. அமுங்கிக்கொடுக்கும் தன்மை இருப்பதால் கப்பல் ஆட்டத்தில் பழம் நசுங்காது. ஒரு மணி வெடித்தாலும் சாறு அடுத்ததற்குப் போகாமல் தூளிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு மணியும் தனித்தனி அறையில் பயணம் போனது போல. குளிர்சாதனம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை மரப்பட்டையும் பழத்தோலும் சேர்ந்து செய்தன.

இதற்காகவே அல்மேரியாவில் துணைத் தொழில்கள் முளைத்தன. பீப்பாய்ப் பலகை இழைப்பவர்கள், வளையம் அடிப்பவர்கள், தக்கைத் தூள் தருவிப்பவர்கள், கழுதைகளிலும் வண்டிகளிலும் மலையிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு இறக்குபவர்கள். அறுவடை மாதங்களில் மாகாணமே இந்த ஒரே வேலையில் மூழ்கியிருந்தது.

வெவ்வேறு நாட்டு உழவர்கள் இதே சிக்கலுக்கு வெவ்வேறு விடை கண்டிருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் வைக்கோல் கலந்த களிமண்ணில் இரண்டு தட்டு செய்து, நடுவில் திராட்சையை வைத்து விளிம்பை மண்ணால் பூசி மூடிவிடுவார்கள். கங்கினா என்ற அந்த மண்சிமிழில் குளிர்காலம் முழுவதும் பழம் கெடாது. இந்திய நகரங்களுக்குக் காபூல் வணிகர்கள் கொண்டுவந்த திராட்சையோ வட்டமான மரப் பெட்டிகளில் பஞ்சு வைத்து அடுக்கப்பட்டு வந்தது. தக்கையானாலும் மண்ணானாலும் பஞ்சானாலும் நோக்கம் ஒன்றுதான்: மணியை மணி தொடக் கூடாது, நீர் வெளியேறக் கூடாது.

பிரிட்டனில் இந்தப் பழம் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பது புரிய அதற்கு முந்தைய நிலைமையைப் பார்க்க வேண்டும். அந்தக் குளிர் நாட்டில் நல்ல உண்ணும் திராட்சை என்றால் கண்ணாடி வீட்டில் வளர்த்தாக வேண்டும். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-இல் நட்ட கறுப்புத் திராட்சைக் கொடி இன்றும் அப்படியொரு கண்ணாடிக் கூரையின் கீழ்தான் நிற்கிறது. பிரபுக்களின் தோட்டத்துப் பழத்தைச் சாமானியர் வாங்க முடியாது. அல்மேரியா பீப்பாய்கள் வரத் தொடங்கிய பிறகு, குளிர்காலத்தில் தெருமுனைப் பழக்கடையில் கிடைக்கும் பொருளாகத் திராட்சை மாறியது.

ஆனால் விலை அல்மேரியாவின் கையில் இல்லை. தோட்டக்காரர் பெரும்பாலும் விற்று அனுப்புவதில்லை, அனுப்பிவிட்டுத்தான் விற்றார். சரக்கு கரையேறி, ஏலத்தில் பீப்பாயைத் திறந்து காட்டி, சுத்தியல் விழுந்த பிறகே விலை தெரியும். கூலி, பீப்பாய், தக்கை, கப்பல் வாடகை, தரகு எல்லாம் முன்பே செலவாகியிருக்கும். ஒரே வாரத்தில் பல கப்பல்கள் ஒரே துறைமுகத்தில் போய் நின்றால் விலை சரிந்தது. லட்சக்கணக்கான பீப்பாய்கள் ஏற்றுமதியான காலத்திலும் மலைக் கிராமத்துச் சிறு விவசாயிக்குக் கடன் தீரவில்லை. அல்ஜீரியாவின் ஓரான், அர்ஜென்டீனா என்று பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள் இதே ஊர்களிலிருந்து போனவர்கள்தான்.

முதல் எச்சரிக்கை மேற்கிலிருந்து வந்தது. திராட்சை வேரை உறிஞ்சிக் கொல்லும் ஃபைலாக்ஸெரா பூச்சி 1878-இல் மாலகாவில் தென்பட்டது. அந்தப் பகுதியின் உலர் திராட்சைத் தொழிலை அது நிலைகுலைய வைத்தது. பின்னர் அல்மேரியாவையும் தொட்டது. அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஒட்டுக்கட்டி ஓஹானெஸைக் காப்பாற்றினார்கள். அடுத்த அடி 1914-இல். முதல் உலகப் போர் மூண்டதும் ஜெர்மன் சந்தை மூடியது, கடல் ஆபத்தானது, பிரிட்டன் அத்தியாவசியமில்லாத இறக்குமதிகளைக் குறைத்தது. கப்பலை நம்பிய பழத்துக்குக் கப்பல் இல்லை.

போர் முடிந்து மூச்சுவிடுவதற்குள் ஓர் ஈ வந்தது. மத்திய தரைக்கடல் பழ ஈ தோலில் துளையிட்டு முட்டையிடும்; புழு உள்ளேயிருந்து பழத்தைத் தின்னும். அந்த ஈ தங்கள் நாட்டுக்குள், குறிப்பாகக் கலிஃபோர்னியா, ஃபுளோரிடாவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்று அமெரிக்கா அஞ்சியது. 1923 நவம்பர் 1 முதல் அமெரிக்காவின் புதிய பழ, காய்கறித் தனிமைப்படுத்தல் விதி அமலுக்கு வந்தது. 1924 அறுவடைக்கு நியூயார்க் கதவு சாத்தியிருந்தது. ஸ்பெயின் கொதித்தது. இது பூச்சிக்கான தடையா, கலிஃபோர்னியாத் திராட்சைக்காரர்களுக்கான பாதுகாப்பா என்ற வாதம் இரு நாட்டு வணிக உறவிலும் நெடுநாள் புகைந்தது. ஆனால் அந்தப் பயம் வெறும் சாக்கு அல்ல. 1929-இல் ஃபுளோரிடாவில் அதே ஈ தென்பட்டு, அதை ஒழிக்கப் பெரும் இயக்கமே நடத்த வேண்டியிருந்தது.

அமெரிக்கா வெறுமனே கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. அல்மேரியாப் பீப்பாயை முன்பே கூர்ந்து கவனித்திருந்தது. தன் நாட்டில் தக்கை மரம் இல்லாததால், கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரத் தூளில் எம்பரர் என்ற சிவப்புத் திராட்சையை அடைத்துப் பார்த்தது. அந்தச் சோதனைகளின் முடிவுகளை வேளாண் துறை 1913-இல் அறிக்கையாக வெளியிட்டது. 1925-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் விங்க்லரும் ஜேக்கபும் கந்தக டையாக்ஸைடு வாயுவைப் புகையூட்டித் திராட்சையில் பூஞ்சையைத் தடுக்கும் முறையை விளக்கினார்கள். பனிக்கட்டி ஏற்றிய ரயில் பெட்டி, குளிர்பதனக் கிடங்கு, கந்தகப் புகை மூன்றும் சேர்ந்ததும் மெல்லிய தோல் ஒரு குறையாக இல்லாமல் போயிற்று.

ஓஹானெஸின் உண்மையான தோல்வி அங்கே தொடங்குகிறது. தோல் தடிப்பாக இருந்தது கப்பலுக்காக. இப்போது வாய்க்கு அது வெறும் தடித்த தோல். தாமதமாக முதிர்ந்தது கிறிஸ்துமஸுக்காக. இப்போது குளிர் அறையிலிருந்து எந்த மாதமும் திராட்சை எடுக்கலாம், பூமத்திய ரேகைக்குத் தெற்கேயிருந்தும் வரவழைக்கலாம். இனிப்புக் குறைவை மன்னிக்க எந்தக் காரணமும் மிச்சமில்லை. விதையில்லாத தாம்ப்சன் ரகத்தைச் சாப்பிட்டுப் பழகிய நாக்கு விதையைத் துப்ப விரும்பவில்லை. இதற்கு மேல் கையால் மகரந்தம் தொட்டுவைக்கும் கூலி வேறு. கலிஃபோர்னியாவில் எல்மர் ஸ்னைடர் என்ற அரசு ஆய்வாளர் அல்மேரியாத் திராட்சையின் விதையிலிருந்து உருவாக்கிய கல்மேரியா என்ற புதிய ரகம் 1950-இல் வெளிவந்தது. மகள் சில காலம் அமெரிக்கச் சந்தையில் பெயரோடு வாழ்ந்தாள். ஆஸ்திரேலியாவிலும் தாய்க்கொடி தன் ஊர்ப் பெயரோடேயே பயிரானது.

தாயகத்திலோ 1936-இல் உள்நாட்டுப் போர். அல்மேரியா கடைசிவரை குடியரசுப் பக்கம் நின்றது. 1937 மே 31 அன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் நகரத்தின் மீது குண்டு பொழிந்தன. அதையடுத்து இரண்டாம் உலகப் போர். அதன் பின் ஐரோப்பியச் சந்தைகளில் ஏற்றுமதி கொஞ்சம் தலைதூக்கினாலும் பழைய நாள் திரும்பவில்லை. 1970-களிலும் 80-களிலும் பந்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கப்பட்டன; மலைக் கிராமங்களின் இளைஞர்கள் முன்பே பார்சலோனாவுக்குப் போய்விட்டிருந்தார்கள். ஆண்டின் கடைசி இரவில் மணி அடிக்க அடிக்கப் பன்னிரண்டு திராட்சை தின்னும் ஸ்பானிய வழக்கத்துக்குக்கூட இன்று பழம் தருவது அலிகாண்டே பக்கத்து அலேடோ என்ற வேறொரு வெள்ளைத் திராட்சை. கொடியிலிருக்கும்போதே அதன் குலைகளுக்குக் காகித உறை மாட்டி டிசம்பர் வரை காக்கிறார்கள்.

ஆனால் கொடி போன பிறகும் பந்தல் போகவில்லை. அல்மேரியாவின் மேற்கே, மலைக்கும் கடலுக்கும் இடையில், தாலியாஸ் சமவெளி என்ற தரிசு இருந்தது. சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியின் குடியேற்ற நிறுவனம் அங்கே ஆழ்குழாய்க் கிணறு தோண்டி விவசாயிகளை அமர்த்தியது. மண்ணின் மேல் உரமும் மணலும் பரப்பிப் பயிரிடும் முறை 1950-களில் பரவியது. 1963-இல் ரோகேதாஸ் பகுதியில் முதல் பிளாஸ்டிக் பசுமைக்குடில் சோதனை நடந்தது. கூரையை எதன் மேல் போடுவது? ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த அமைப்பு ஒன்றுதான் இருந்தது. திராட்சைப் பந்தலின் அதே சாய்ந்த கால்கள், அதே கம்பிவலை; இரண்டு கம்பிவலைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் தாளை நுழைத்தார்கள். குளிர்காலத்தில் தக்காளியும் மிளகாயும் வெள்ளரியும் விளைந்தன. வேளாண் பொறியியல் நூல்களில் இன்றும் அந்த அமைப்பின் பெயர் பர்ரால் வகைப் பசுமைக்குடில்.

இப்போது அந்த மாகாணத்தில் பிளாஸ்டிக் கூரைகளின் பரப்பு 30,000 ஹெக்டேருக்கு மேல். விண்வெளியிலிருந்து எடுத்த படங்களில் வெண்ணிறத் திட்டாகத் தெரிகிறது. ஈயத்திலும் திராட்சையிலும் கண்ட பழைய கணக்குகள் அங்கேயும் உண்டு: விலை வெளிநாட்டில் முடிவாகிறது, நிலத்தடி நீர் இறங்குகிறது, வேலை செய்ய மொராக்கோவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் பிற பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், 2000 பிப்ரவரியில் எல் எஹிதோ நகரில் அவர்களுக்கு எதிராகக் கலவரமே நடந்தது.

ஓஹானெஸ் கொடி அழிந்துவிடவில்லை. அந்தராக்ஸ் பள்ளத்தாக்கில் சில பந்தல்கள் இன்னும் காய்க்கின்றன. தெர்க்கே கிராமத்தில் கப்பல் திராட்சைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பீப்பாய்களும் கத்தரிக்கோல்களும் தக்கைத் தூளும் அங்கே காட்சியில் உள்ளன. மகரந்தம் தொட்டுவைக்கும் வேலைக்கும் அல்மேரியாவில் முடிவு வரவில்லை. மூடிய பிளாஸ்டிக்கினுள் தக்காளிப் பூவை உலுக்கக் காற்று போதாது என்பதால், விவசாயிகள் அட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்கும் பம்பிள் தேனீக் கூட்டங்களை விலைக்கு வாங்கிவந்து, பந்தல் கால்களுக்கு நடுவே வைக்கிறார்கள்.